பிரஷர், சுகர் பதிவேடு டேப்புக்கு வந்த பிறகு: கடைமடையிலிருந்து ஒரு நர்ஸின் அனுபவம்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிரஷர், சுகர் நோயாளிகளின் விவரத்தைப் பல வருடமாக டேப்பில்தான் (கையடக்கக் கணினி), அதில் உள்ள ஒரு செயலியில் ஏற்றுகிறோம். துணை சுகாதார நிலையத்தில் பார்த்தாலும், எங்களிடம் வந்தாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரே பதிவு தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. அதே பதிவை வைத்துத்தான் எங்கள் சிகிச்சை தரமாக இருக்கிறதா என்றும் மேலே அளக்கிறார்கள். புதிதாக இந்தப் பிரிவுக்கு வரும் சிஸ்டர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் கஜா புயலில் கூரை பறந்த வீடுகளில் நோயாளி நோட்டும் மாத்திரையும் சேர்ந்தே போயின. "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, வெள்ளை மாத்திரை நர்சம்மா" என்று வந்து நிற்பார்கள். சுகருக்கான மெட்ஃபார்மினும் வெள்ளை, பிரஷருக்கான அம்லோடிபினும் வெள்ளை. எதைக் கொடுப்பது? இப்போது பெயரைத் தட்டினால் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது வாங்கினார் என்று வந்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே நான் பழைய ரிஜிஸ்டருக்குத் திரும்ப மாட்டேன்.

தரம் அளப்பதற்கு வருவோம். எங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் முக்கியமான எண், பிரஷர் நோயாளிகளில் எத்தனை பேருக்கு 140/90-க்குக் கீழே இருக்கிறது என்பது. இதில் யாரை வைத்து வகுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பதிவில் 100 பேர், இந்த மூன்று மாதத்தில் வந்தவர் 60, அவர்களில் கட்டுக்குள் இருப்பவர் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்களை வைத்து வகுத்தால் 75 சதவீதம். பதிவில் உள்ள எல்லோரையும் வைத்து வகுத்தால் 45. நாடு முழுக்க உயர் ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்த 2017-ல் தொடங்கிய திட்டத்தில் பதிவான எல்லோரையும் வைத்துத்தான் வகுப்பார்கள். வராதவரைக் கட்டுக்குள் இருப்பவராக எண்ண மாட்டார்கள். எங்கள் செயலியின் முதல் திரை ரொம்ப நாள் வந்தவர்களின் கணக்கை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. ரிவ்யூ மீட்டிங்கில் பாராட்டு கிடைக்கும், ஆனால் நம் வேலை எங்கே விட்டுப்போகிறது என்று தெரியாது. வராத அந்த 40 பேரில் இருந்துதான் பெரும்பாலும் பக்கவாதத்தோடு 108-ல் ஏறுகிறார்கள்.

இங்கிலாந்தில் 2004 முதல் குடும்ப மருத்துவர்களுக்கு இப்படிக் கணினிப் பதிவில் வரும் அளவுகளைப் பார்த்தே ஊதியத்தில் ஒரு பங்கு கொடுத்தார்கள். கூப்பிட்டும் வராத நோயாளியைக் காரணம் எழுதிக் கணக்கிலிருந்து விலக்கவும் அனுமதித்தார்கள். காரணம் எழுதச் சொன்னது நல்ல விஷயம். ஆனால் விலக்கியவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பேன்.

ஏன் வரவில்லை என்று செயலி சொல்லாது. ஊரைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து நடவு ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஓபியில் பெண்கள் கூட்டம் பாதியாகிவிடும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? தை அறுவடையிலும் இதே கதைதான். செயலி இவர்கள் எல்லோரையும் சிவப்பில் காட்டும். அந்தச் சிவப்புப் பட்டியலை ஊர்வாரியாக, மாதவாரியாகப் பிரித்துக் காட்டிய பிறகு எங்கள் டாக்டர் நடவு மாதங்களில் சாயங்காலமும் பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்தார். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு, நடக்க முடியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறார்கள். அந்தத் தன்னார்வலர்களிடம் பட்டியலைக் கொடுத்தால் போதும், "இவங்க மக வீட்டுக்குத் திருப்பூர் போயிட்டாங்க சிஸ்டர், இவரு தவறிட்டாரு" என்று ஒவ்வொரு பெயருக்கும் பதில் வரும். இறந்தவர் பெயர் நீக்கப்படாமல் வருடக்கணக்கில் "வராதவர்" என்று நிற்பதும் உண்டு.

அடுத்து, பதிவில் உள்ள எண்களையே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் மெஷின் 137, 143, 128 என்று எல்லா இலக்கத்திலும் காட்டும். ஒரு ஊரின் பதிவு முழுக்க 120/80, 130/80 என்று பூஜ்யத்திலேயே முடிந்தால், மெஷின் ரிப்பேரா, கைகள் போதவில்லையா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் செயலியில் போன முறை எண் தானாகவே நிரம்பி நிற்கும். இது பெரிய குறை. காலியாக விட்டால்தான் அளந்து எழுதுவார்கள்.

எனக்கு ரொம்ப மனக்குறை உள்ள இடம் கால் பரிசோதனை. சுகர் நோயாளிக்குக் கால் பார்த்தோமா என்று ஒரு கட்டம் இருக்கிறது. "ஆம்" என்று தட்டினால் முடிந்தது. இங்கே பாதி நாள் சேற்றில் நிற்கும் கால்கள். குதிகால் வெடித்திருக்கும், விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கும், உணர்ச்சி போன காலில் புண் வந்தால் அவர்களுக்கே தெரியாது. ஒழுங்காகப் பார்ப்பதென்றால் காலைக் கழுவச் சொல்லி, விரலைப் பிரித்து, 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, அவரைக் கண்ணை மூடச் சொல்லி "தெரியுதாப்பா?" என்று கேட்க வேண்டும். கூட்டம் நிற்கும் ஓபியில் இதற்கு நேரம் கிடைப்பது கஷ்டம். மருத்துவத் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பார்க்கச் சொன்னவர் அவெடிஸ் டொனபீடியன், 1966-லேயே எழுதிவிட்டார். இழை இருக்கிறதா, பார்த்தோமா, விரல் தப்பியதா என்று மூன்றையும் கேட்க வேண்டும். எங்கள் திரை இந்த மூன்றில் நடுக் கேள்வியை மட்டும் கேட்கிறது. தஞ்சாவூரில் விரலை எடுத்துவிட்டு வருகிறவரின் டிஸ்சார்ஜ் விவரம் தானாக எங்கள் பட்டியலுக்கு வந்தால், அவருக்கு நாங்கள் எப்போது "ஆம்" தட்டினோம் என்று திரும்பிப் பார்க்கலாம். இன்னும் அது வரவில்லை. அவர் மனைவி கையில் இருக்கும் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

பதிவுகள் ஒன்றோடொன்று சேராததற்கு முக்கியக் காரணம் அடையாளம். ஆபா (ABHA) என்ற 14 இலக்க தேசிய சுகாதார அடையாள எண் இருந்தால் எங்கே பார்த்தாலும் ஒரே ஆள் என்று தெரியும். ஆனால் ஆதாரை வைத்து அந்த எண்ணை எடுக்கும்போது ஆதாரில் உள்ள போனுக்கு ஓடிபி போகும், பெரியவர்களின் ஆதாரில் பெரும்பாலும் மகன் போன் நம்பர்தான் இருக்கும். அவர் சிங்கப்பூரில் வேலை நேரத்தில் இருந்தால் ஓடிபி எப்படி வரும்? அவசரத்தில் பெயரை வேறு எழுத்தில் அடித்துப் புதுப் பதிவு போட்டுவிடுவார்கள். ஒரே ஆள் இரண்டாகி, ஒன்று சிவப்பில் நிற்கும். நன்னிலம், பேரளம் பக்கத்து மக்கள் காரைக்காலுக்கும் போவார்கள். அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். 2020-ல் தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கிய இடங்களில் புதுச்சேரியும் ஒன்று. எல்லை தாண்டிய பதிவு நோயாளியின் சம்மதத்தோடு இங்கே திறக்க வேண்டும். நான் பார்த்தவரை மக்கள் மறுப்பதில்லை, ஆனால் எதற்குச் சம்மதம் கேட்கிறோம் என்று தமிழில் பொறுமையாகச் சொல்ல வேண்டும். ஓபியில் திரையைக் கூட்டத்துக்குத் தெரியாமல் திருப்பி வையுங்கள்.

ஆக, சிகிச்சைக்கு இந்தப் பதிவேட்டை நம்பலாம். தரம் அளக்க வேண்டுமென்றால் சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போகாதீர்கள். எத்தனை பேர் பதிவு, எத்தனை பேர் வரவில்லை, எத்தனை இரட்டைப் பதிவு என்ற மூன்றையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். புதிதாகச் சேர்ந்தவர் என்றால் மாதத்தின் முதல் வாரத்திலேயே வராதவர் பட்டியலை எடுத்து, ஊர்வாரியாகப் பிரித்து, தன்னார்வலர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கேளுங்கள். நடவு தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது, அப்புறம் அவர்களைப் பிடிக்க முடியாது.