"கேப்டன் முடிவு" என்று டிராவல்ஸ்காரர் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகையில் சொகுசுக் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டியிருக்கும் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிக்காரர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். வானிலை கெட்ட நேரத்தில் உங்கள் டிராவல்ஸ்காரர் தாமாகவே தொலைபேசியில் அழைத்து, "கேப்டன் முடிவு செய்துவிட்டார், எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்று சொன்னால், அவர் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து எங்கள் குடும்பத்திடமிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் சுருட்டப் பார்த்தார்கள்.

டிராவல்ஸ் பாளையங்கோட்டையில் இருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. திருநெல்வேலிக்காரனுக்கே அல்வாவா என்று கேட்க நினைப்பவர்கள் வரிசையில் கடைசியில் நிற்கவும். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

அத்தைக்கும் மாமாவுக்கும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. அதையொட்டி மைத்துனர்கள் இருவரும் நானும் பணம் போட்டு அவர்களைக் கொச்சியிலிருந்து லட்சத்தீவு போகும் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்தோம். துணைக்கு மூத்த மைத்துனரும் மதினியும். பாஸ்போர்ட் தேவையில்லை, பாலருவி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எர்ணாகுளம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, கடலைத் திருச்செந்தூர்க் கரையில் நின்று பார்த்ததோடு சரி. அதனால் அவருக்குத்தான் ஆசை அதிகம்.

கப்பல் வெள்ளிக்கிழமை மாலை. திங்கட்கிழமை செய்தியில் குமரிக் கடலை ஒட்டிக் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்றார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டாலே பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்ப்போம். நாங்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை காலையில் டிராவல்ஸ்காரரே மாமாவை அழைத்தார்.

"அண்ணாச்சி, புயல் வரப்போகிறது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள். வீட்டம்மாவை அழைத்துக்கொண்டு போகிறீர்கள், யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் கப்பல் போவது போவதுதான். கேப்டன் முடிவு செய்துவிட்டார். கடலில் கேப்டன் சொல்வதுதான் சட்டம், கம்பெனியே தலையிட முடியாது. நீங்கள் போகாவிட்டால் ஒரு பைசா திரும்பாது. இன்றைக்கே ரத்து செய்தால் கால் பங்காவது வாங்கித் தருகிறேன்."

புயல் பயங்கரம் என்று சொன்னதும் அவர்தான், கப்பல் போயே தீரும் என்று சொன்னதும் அவர்தான். அன்று மாலையே அவருடைய பையன் ஒரு படிவத்தோடு வீட்டு வாசலில் நின்றான். "பயணியின் சொந்த விருப்பத்தின் பேரில் ரத்து" என்று அதில் அச்சடித்திருந்தது. அத்தை அதற்குள் முருகனுக்கு நேர்ந்துகொண்டுவிட்டார். மாமா கையெழுத்துப் போட்டார். நாங்கள் மூவரும் வேலையில் இருந்தோம். இரவில்தான் விஷயம் தெரிந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் கப்பல் நிறுவனமே அந்தப் பயணத்தை ரத்து செய்தது. இது எங்களுக்கு டிராவல்ஸ் மூலம் தெரியவில்லை. என்னோடு வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர் அதே கப்பலுக்கு நேரடியாகப் பதிவு செய்திருந்தார். அவருக்கு வந்த மின்னஞ்சலில், முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் அல்லது வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது. டிராவல்ஸ்காரரிடம் கேட்டேன். அது நேரடியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்றார். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதும், நீங்கள்தான் முன்பே ரத்து செய்துவிட்டீர்களே என்றார். ஒரே தொலைபேசி அழைப்பில் இரண்டு காரணம்.

தூத்துக்குடியில் என் சித்தப்பா இருக்கிறார். சரக்குக் கப்பல்களில் சீஃப் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "செவ்வாய்க்கிழமை அந்தக் கப்பல் எங்கே இருந்தது?"

தேடிப் பார்த்தால், அது அப்போது முந்தைய பயணத்தின் பயணிகளோடு நடுக்கடலில் இருந்தது. கையில் இருக்கும் பயணத்தை முடிக்காத கேப்டன், வெள்ளிக்கிழமை மாலைப் புறப்பாட்டைச் செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்து, அதைப் பாளையங்கோட்டை டிராவல்ஸுக்குச் சொல்லி அனுப்பினாராம்! சித்தப்பா சிரிக்கவில்லை, கோபப்பட்டார். அவருக்குக் கேப்டன் என்ற பதவியின் மேல் இருக்கும் மரியாதை அப்படி.

கேப்டனுடைய அதிகாரம் நிஜமானது, அதைச் சொல்லிவிடுகிறேன். டைட்டானிக் விபத்துக்குப் பிறகு 1914-இல் முதல் வடிவம் பெற்று, இப்போது 1974-ஆம் ஆண்டு வடிவத்தில் நடைமுறையில் இருக்கும் சோலாஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் இருக்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கானது. அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு விதி: உயிர்ப் பாதுகாப்புக்கு அவசியம் என்று கேப்டன் தம் தொழில் அறிவைக் கொண்டு எடுக்கும் முடிவை, கப்பலின் உரிமையாளரோ, வாடகைக்கு எடுத்தவரோ, நடத்தும் நிறுவனமோ, வேறு எவருமோ தடுக்கக் கூடாது. அந்த அத்தியாயம், போர்க்கப்பல் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, எல்லாக் கப்பல்களுக்கும் எல்லாப் பயணங்களுக்கும் பொருந்தும். ஆகவே "போக மாட்டேன்" என்று கேப்டன் சொன்னால் அவரைப் போக வைக்க யாராலும் முடியாது.

ஆனால் "போகலாம்" என்று அவர் ஒருவர் சொன்னால் மட்டும் கப்பல் போய்விடாது. டிராவல்ஸ்காரர் மறைத்தது இந்தப் பாதியைத்தான். நிறுவனம் தன் கரை அலுவலகத்தில் வானிலையைப் பார்த்துப் பயணத்தையே ரத்து செய்யலாம். எங்கள் விஷயத்தில் நடந்தது அதுதான். துறைமுகம் தன் வாயிலை மூடலாம். பெரிய கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே கொண்டுபோகத் துறைமுக பைலட், அதாவது கால்வாயில் வழிகாட்டுபவர், ஏற வேண்டும். முகத்துவாரத்தில் அலை மிஞ்சினால், அவரைத் திரும்ப இறக்கிக்கொள்ள வரும் படகே கப்பலை அண்ட முடியாது. சொகுசுக் கப்பலின் பக்கவாட்டுச் சுவர் பல மாடி உயரம். பலத்த காற்று அதைத் தள்ளும்போது குறுகிய கால்வாயில் கப்பலைத் திருப்புவதே பெரும்பாடு என்கிறார் சித்தப்பா. கடலில் புயலைச் சுற்றிக்கொண்டு போக இடமாவது இருக்கும். புயல் பெரும்பாலும் கப்பலைவிட மெதுவாகத்தான் நகரும், அதனால் நல்ல கேப்டன் அதன் பாதையை விட்டு முன்கூட்டியே விலகிவிடுவார். அதிலும் நம் பக்கக் கடலில் புயல் நகரும் திசைக்கு வலப்புறம் மாட்டிக்கொள்ளவே மாட்டார். காற்று அங்கேதான் மூர்க்கமாக இருக்கும்.

இந்த முடிவெல்லாம் கடைசி நேரத்து அறிக்கைகளை வைத்து எடுக்கப்படுவது. ஒக்கி நமக்கு மறக்காது. 2017 நவம்பர் 29 காலையில் அது வெறும் தாழ்வு மண்டலம். 30-ஆம் தேதி காலையில் குமரிக் கடலில் புயல். அதன்பின் லட்சத்தீவை நோக்கிப் போனது. இடையில் ஒரே நாள். புயல் உருவாகிவிட்டால் வானிலை ஆய்வு மையம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை தருவது இதனால்தான். மூன்று நாள் முன்னதாக "முடிவாகிவிட்டது" என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கூண்டு விஷயமும் அப்படித்தான். 1 முதல் 11 வரை எண் உண்டு. 1-உம் 2-உம் தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்ற தகவல்தான். 8, 9, 10 வந்தால் பெரும் அபாயம். அன்று ஏற்றியிருந்தது 1-ஆம் எண். தூத்துக்குடியில் வளர்ந்த எவரையும் இந்தப் பூச்சாண்டி காட்டிப் பயமுறுத்த முடியாது. மாமா பாவம், கல்லிடைக்குறிச்சிக்காரர்.

கேப்டன் என்பவர் தவறே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. 2016 பிப்ரவரியில் ஆந்தம் ஆஃப் தி சீஸ் என்ற பிரம்மாண்டக் கப்பல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் புறப்பட்டு, நேராகப் புயலில் போய் மாட்டியது. ஆயிரக்கணக்கான பயணிகள் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்கள். கப்பல் பாதி வழியில் திரும்பியது. அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, முழுக் கட்டணத்தையும் திருப்பித் தந்து, அடுத்த பயணத்துக்குப் பாதிக் கட்டணச் சலுகையும் கொடுத்தது. புயலைத் தவிர்க்கும் தன் ஏற்பாடுகளைத் திருத்துவதாகவும் ஒப்புக்கொண்டது. 2019 மார்ச்சில் நார்வே கரையோரம் வைக்கிங் ஸ்கை இன்னும் மோசம். இயந்திரங்களில் மசகு எண்ணெய் குறைவாக இருந்தது. அலையில் கப்பல் ஆடியதும் இயந்திரங்கள் நின்றுபோயின. 1,373 பேரோடு பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. 400-க்கும் மேற்பட்டோரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கி மீட்டார்கள். புறப்படுவது என்ற முடிவு எவ்வளவு கனமானது என்பதற்கு இவை போதும்.

பயணிகளுக்கு இதில் வாக்கு கிடையாது. என்னைக் கேட்டால் அதுவே சரி. 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னை போன ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தியபோது உள்ளே இருந்தவர்கள் முணுமுணுக்காமலா இருந்திருப்பார்கள்? அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் வெள்ளத்தில் போய்விட்டிருந்தன. சுமார் 800 பேரை அன்று காப்பாற்றியது நிறுத்துவது என்ற முடிவுதான். அது வாக்கெடுப்பில் வந்ததில்லை.

கப்பலின் பாதை கேப்டனுடையது. உங்கள் பணம் அவருடையது அல்ல. பணத்தை யார் எப்போது திருப்ப வேண்டும் என்பது பயண ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதைத் தீர்மானிப்பது யார் ரத்து செய்தார்கள் என்பது. எங்கள் ஒப்பந்தத்தில் நிறுவனம் ரத்து செய்தால் முழுத் தொகையோ வேறு தேதியோ உண்டு. பயணி ரத்து செய்தால், புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும். கப்பல் புறப்பட்டுவிட்டு ஒரு தீவில் இறக்காமல் திரும்பினால் இழப்பீடு கிடையாது. லட்சத்தீவில் இது சாதாரணமாக நடக்கும். பவளப் பாறைகளுக்கு வெளியே கப்பலை நிறுத்திச் சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும், அலை அடித்தால் படகு இறக்க மாட்டார்கள். போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஆகவே வானிலை கெடும்போது முந்திக்கொண்டு நீங்கள் ரத்து செய்வதில் டிராவல்ஸ்காரருக்குத்தான் லாபம். எவ்வளவு லாபம் என்பது பிறகு தெரிந்தது. பதிவு செய்த அன்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தின் மூலையில் முன்பதிவு எண் இருந்தது. கப்பல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக் கேட்டேன். அந்த எண்ணுக்கு எந்த ரத்துக் கோரிக்கையும் வரவே இல்லை என்றார்கள். வியாழக்கிழமை வரை அறைகள் எங்கள் பெயரில்தான் இருந்தன. பயணம் ரத்தானதும் முழுக் கட்டணமும் டிராவல்ஸ் கணக்குக்குத் திரும்பிவிட்டது. மாமா கையெழுத்துப் போட்ட காகிதம் டிராவல்ஸ் மேசையைத் தாண்டவில்லை. கால் பங்கை எங்களுக்குத் தந்து, முக்கால் பங்கை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார் மனிதர்.

அதை மின்னஞ்சலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பினோம். இரண்டு வாரம் போல எந்தப் பதிலும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்த பிறகு, "கணக்கில் சிறு தவறு நேர்ந்துவிட்டது அண்ணாச்சி" என்று கப்பல் கட்டணத்தின் மீதி வந்து சேர்ந்தது. ரயில் டிக்கெட், எர்ணாகுளம் விடுதி, "சேவைக் கட்டணம்" என்று பிடித்தவை இன்னும் வரவில்லை. அதற்காகத் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். எங்கோ மும்பையில் போய் வழக்குப் போட வேண்டும் என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும்.

மாமாவின் கையெழுத்தை வைத்து டிராவல்ஸ் தரப்பு வாதாடும் என்று வழக்கறிஞர் சொல்கிறார். செவ்வாய்க்கிழமை உரையாடலின் பதிவு மாமாவின் கைப்பேசியில் தற்செயலாக இருக்கிறது. மைத்துனர் எப்போதோ அழைப்புகள் தானாகப் பதிவாகும்படி வைத்திருந்தாராம்.

அதே டிராவல்ஸ் இப்போது வாசலில் அடுத்த சீசனுக்கான பேனரைக் கட்டியிருக்கிறது. அங்கோ வேறெங்கோ பணம் கட்டியிருந்தால், முன்பதிவு எண்ணை இன்றே கேட்டு வாங்கி, கப்பல் நிறுவனத்தை நீங்களே அழைத்து, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா, இதுவரை எவ்வளவு செலுத்தப்பட்டிருக்கிறது, அவர்களிடம் இருப்பது உங்கள் கைப்பேசி எண்ணா டிராவல்ஸ்காரருடையதா என்று கேளுங்கள். எங்கள் பதிவில் நான்கு பயணிகளுக்கும் அவருடைய எண்ணையே கொடுத்து வைத்திருந்தார். வியாழக்கிழமைச் செய்தி எங்களுக்கு வராமல் போனது அதனால்தான்.