மகளுக்காக எடுத்த நம்பர் துண்டு

பல்லுக் கிளினிக், கண் கிளினிக், சீனி வருத்தக் கிளினிக் பற்றியெல்லாம் எங்கள் ஆட்கள் எழுதுகிறார்கள். மனநலக் கிளினிக்குப் போய்வந்தவர்கள் மட்டும் வாயைத் திறப்பதில்லை. சரி, நான் திறக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு அரச வைத்தியசாலைதான். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

போனது மகளுக்காக. உயர்தரச் சோதினைக்கு இரண்டு மாதம் இருந்தது. மாதிரிப் பரீட்சை வைக்கும் நாளென்றால் காலையில் சாப்பிட்டதை அப்படியே சத்தி எடுத்துவிடுவாள். மாமி கோயிலில் நூல் கட்டுவித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டு அக்கா, "பிள்ளைக்குப் பதகளிப்பு நோய், உடனே காட்டுங்கோ" என்றார், அளவுக்கு மீறிப் பயந்து பதறுகிற வருத்தமாம். அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. (அதற்கு முந்தைய இரவும் கொள்ளவில்லை. அது பிறகு வரும்.)

காலை ஆறரைக்குப் போய் எடுத்த நம்பர் 23. டொக்டரைக் கண்டது பதினொன்றேகாலுக்கு. வாங்குகள் போதாது, இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடவில்லை. இதையெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அறைக்குக் கதவு இல்லாமல் திரைச்சீலை தொங்கியதுதான். உள்ளே ஒருவர் அழுதால் வெளியே முப்பது பேருக்குக் கேட்கிறது. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் இது சின்ன விஷயமா? எங்களுக்குத் தெரிந்த கோண்டாவில் ஐயா ஒருவர் அங்கே என்னைக் கண்டுவிட்டு, "ஆரையும் பாக்க வந்தனீங்களோ பிள்ளை?" என்று கேட்டார். அவர் கையிலும் கிளினிக் கொப்பி இருந்தது.

தாதி மிஸ் ஒரு தாள் தந்தார். ஏழே ஏழு கேள்வி, நல்ல தமிழில். கடந்த இரண்டு வாரத்தில் பதற்றமாக இருந்ததா, யோசிப்பதை நிறுத்த முடியாமல் இருந்ததா, எரிச்சல் வந்ததா என்று கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 21. 10 அல்லது அதற்கு மேலே வந்தால் டொக்டர் வடிவாக விசாரிப்பார். அந்த எண்ணை மட்டும் வைத்து நோய் என்று சொல்வதில்லை. மகள் நிரப்பும்போது எட்டிப் பார்த்தபடி நான் என் புள்ளியையும் மனதுக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். சங்கக் கடையில் கணக்கு எழுதுகிறவளுக்குக் கூட்டாமல் இருக்க ஏலாது. அவளுக்கு 6. எனக்கு 16.

டொக்டர் இளம் பெண். சோதினை இல்லாத நாளில் சத்தி வருமா என்று மகளைக் கேட்டார். வராது. ஞாயிற்றுக்கிழமை? பத்து மணிவரை நித்திரை. பயத்தில் ஒருநாளாவது சோதினைக்குப் போகாமல் விட்டதுண்டா? இல்லை. "அப்ப இது வருத்தமில்லை. சோதினைக்கு முன்னம் கனபேருக்கு வாறதுதான், உங்களுக்கு வயிற்றிலை வருகுது" என்றார். சோதினை முடிந்தும் போகாவிட்டால், அல்லது இதற்குப் பயந்து பள்ளிக்கூடத்தையே தவிர்க்கத் தொடங்கினால் திரும்ப வரச் சொன்னார். மருந்து ஒன்றும் எழுதவில்லை.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "இல்லை டொக்டர், பிறகு பெரிசாகினால்? மண்டபத்திலை மயங்கி விழுந்தால்? வாற வழியிலை பஸ்ஸிலை..." என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் பேனையை வைத்துவிட்டு, "அம்மா, உங்கடை நித்திரை எப்பிடி?" என்றார்.

அப்புறம் கேட்ட கேள்விதான் இன்றுவரை மனதில் நிற்கிறது. "யோசிக்க ஒண்டுமில்லாத நாளிலை என்ன செய்வீங்கள்?" யோசிக்காமலே சொன்னேன்: "எதையோ மறந்துபோனனோ எண்டு யோசிப்பன்." மகள் சிரித்துவிட்டாள். டொக்டர் சிரிக்கவில்லை.

கனடாவில் இருக்கும் தம்பி போன் எடுக்காவிட்டால், அங்கே நடுச்சாமம் என்று தெரிந்தும், கார் பனியில் வழுக்கிவிட்டது என்று நினைப்பேன். அது முடிந்தால் கடைக் கணக்கு, அது முடிந்தால் கிணற்று மோட்டர். கழுத்து எப்போதும் விறைப்பு. நெஞ்சு படபடப்பதால் தனியாக பஸ் ஏறுவதை நிறுத்தி ஒரு வருடம். இதையெல்லாம் என் குணம் என்றே நினைத்திருந்தேன். 1995 போர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைக் கால்நடையாகத் தாண்டியபோது எனக்குப் பதினேழு வயது. அதனால் வந்ததோ என்றும் கேட்டேன். அந்த நாள் கனவில் வருகிறதா, திடீரென்று கண்முன் நடப்பதுபோல் இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றதும், அது வேறு வருத்தம், உங்களுடையது பொதுவான பதகளிப்பு நோய் என்று விளக்கினார். ஆறு மாதத்துக்கு மேலாக, அநேகமான நாட்களில், ஒன்றல்லாமல் பலதையும் பற்றி, நிறுத்த நினைத்தும் நிற்காமல் யோசினை ஓடி, நித்திரையையும் அன்றாட வேலையையும் தின்கிறதா என்பதுதான் கணக்காம்.

உடனே குளிசை தரவில்லை என்பது எனக்குப் பிடித்தது. தைரொயிட் கூடினாலும் இதே படபடப்பு வரும் என்று முதலில் இரத்தம் சோதித்தார்கள். நாளுக்கு ஏழு தேத்தண்ணியை இரண்டாக்கச் சொன்னார்கள். பிறகுதான் செர்ட்ரலின், சிறிய அளவில். முதல் வாரம் வயிற்றைப் பிரட்டியது. குணம் தெரிய ஒரு மாதம் பிடித்தது. இது சில வாரம் போய்த்தான் வேலை செய்யும், நினைத்தபடி நிறுத்தக்கூடாது என்று மிஸ் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் இரண்டாம் வாரமே எறிந்திருப்பேன்.

உளவள ஆலோசனைக்கு இருபது நிமிடம்தான் கிடைத்தது, போதவே போதாது. ஆனாலும் அதில் சொன்ன ஒன்று பலித்தது: மாலை ஆறு முதல் ஆறரை வரை யோசிப்பதற்கென்று ஒதுக்கி, மற்ற நேரத்தில் வருவதைக் கொப்பியில் குறித்துவிட்டு விடுவது. ஆறு மணிக்கு கொப்பியைத் திறந்தால் பாதி எனக்கே சிரிப்பு வரும்.

மகள் சோதினை எழுதினாள். முதல்நாள் காலையும் சத்தி எடுத்தாள், வாயைக் கொப்பளித்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனாள். நான் இப்போது கிளினிக்குக்குத் தனியாக பஸ்ஸில் போகிறேன்.

போகிறவர்களுக்கு: எல்லாம் இலவசம், ஆனால் ஒருமுறை மருந்து முடிந்து வெளிப் பாமசியில் வாங்க வேண்டி வந்தது. பாவிக்கும் மற்றக் குளிசைகளின் அட்டையையும் கொண்டுபோங்கள், கட்டாயம் கேட்பார்கள். அவசரமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது. பத்து மணிக்குமேல் கன்ரீனில் ரோல்ஸ் கிடையாது.