நரம்பு இழுக்கிற இடுப்போடு ஹட்டன் பக்கம் போனால்

லண்டனில் எனக்கு நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே வேலை. இடுப்பில் தொடங்கித் தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரை சுரீரென்று இழுக்கும், பாதம் மதமதவென்று மரத்துப்போகும். சயாட்டிகா, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு அழுந்துவதால் வரும் வலி என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். இதே உபாதையோடு இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பிளேனைவிட மோசம் கொழும்பு–ஹட்டன் பஸ். ஒரு பக்கம் மூன்று பேர் சீட், மறுபக்கம் இரண்டு பேர் சீட். முழங்கால் முன்சீட்டில் இடிக்கும். கினிகத்தேனைக்கு மேலே வளைவுக்கு வளைவு இடுப்பு முறுகும். நடைபாதை ஓரமாக இடம் பிடித்தால் காலையாவது நீட்டலாம். பின்பாக்கெட்டில் பர்ஸ் வேண்டாம், நரம்பை அதுவே அழுத்தும். கோச்சியில், அதாவது ரயிலில், டிக்கெட் கிடைத்தால் யோசிக்காமல் ஏறுங்கள். நேரம் போனாலும் எழுந்து நடக்கலாம்.

டவுனில் ஒரு தனியார் இடத்தில் சனல் பண்ணினேன், அதாவது காசு கட்டி டாக்டரைப் பார்க்கப் பதிந்தேன். பின்னேரம் முழுக்கப் பிளாஸ்டிக் கதிரையில் காத்திருப்பு. பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுப்பதற்குள் டாக்டர் மருந்துத் துண்டை எழுதி முடித்துவிட்டார். உட்கார்ந்து வந்த வருத்தத்துக்கு உட்காரவைத்தே வைத்தியம்!

அரசாங்க ஆஸ்பத்திரி வேறு மாதிரி. விடியற்காலையில் போய் நம்பர் எடுக்கவேண்டும், கூட்டமும் நெரியும். ஆனால் காசு கிடையாது. ஓபிடி என்கிற வெளிநோயாளர் பிரிவு டாக்டர் என்னைப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலால் நடக்கச் சொன்னார். சீனி வருத்தத்தாலும் (நீரிழிவு) கால் மரக்கும் என்று இரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். பிசியோ, அதாவது உடற்பயிற்சி வைத்தியம், செய்கிற பிள்ளை சிங்களவர். “ஐயா, படுத்தே இருக்க வேணாம், நடங்க” என்று தட்டுத்தடுமாறிய தமிழில் சொல்லிவிட்டு, ஸ்டூலில் தானே உட்கார்ந்து காட்டினார்: முதுகு நிமிர்ந்து, காலை மெதுவாக நீட்டி, விரல்களைத் தன் பக்கம் இழுத்து, பிறகு தளர்த்தி. வலி கூடும் வரை இழுக்கக்கூடாதாம். அரைமணிக்கு ஒரு தடவை எழும்பியே ஆகவேண்டும் என்றார். பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் தணிந்துவிடும் வலிதான். ஆனால் சிறுநீர் அடக்க முடியாமலோ போகாமலோ இருந்தால், தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி குறைந்தால், பாதத்தைத் தூக்க முடியாவிட்டால், பஸ்ஸுக்கோ கிளினிக் நாளுக்கோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

அத்தைக்கு இதெல்லாம் வேடிக்கை. “உக்காந்து சம்பளம் வாங்குறவனுக்கும் இடுப்பு நோகுமாடா?” என்றபடியே சித்தாலேப தைலத்தைத் தேய்த்துவிட்டார். தோல் சூடேறிச் சுகமாகத்தான் இருந்தது, நரம்பு மட்டும் கேட்கவில்லை.

மறுமுறை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்த அத்தை, நான் வெளியே மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது பிசியோப் பிள்ளையிடம் தன் கையை நீட்டிவிட்டார். கொழுந்து பறித்த காலத்திலிருந்தே ராத்திரியில் விரல்கள் மரக்கிறதாம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது அவருக்கும் கிளினிக் கொப்பி போட்டாயிற்று, திகதியும் கிடைத்துவிட்டது.