சுங்கை சிப்புட் மாடி டியூஷனில் அணுவும் ஒளியும்

சுங்கை சிப்புட் பட்டணத்தில் கடை வரிசையின் மாடியில் நடக்கும் இயற்பியல் டியூஷனுக்கு மகனை அனுப்புகிறேன். படிவம் 5, மாதம் 60 வெள்ளி. பரீட்சைப் பாடத்தைச் சார் ஒழுங்காக நடத்துகிறார், அதில் குறையில்லை. ஆனால் மாதக் கடைசி சனிக்கிழமை, பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு வகுப்பு வைக்கிறார். தனிக் கட்டணம் கிடையாது, பெற்றோரும் உட்காரலாம். நான் எழுத வந்தது அந்த வகுப்பைப் பற்றித்தான்.

போன மாதம், எதிரெதிரே நிற்கும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்ட ஒளியும் ஓர் அணுவும் எப்படி ஆற்றலைக் கைமாற்றிக்கொள்கின்றன என்பது பாடம். அந்த இடைவெளிக்குக் கேவிட்டி என்று பெயர்.

எனக்குச் செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. எண்ணெயின் தரம் பார்க்க 446, 269 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளப்போம். உறிஞ்சிய ஒளி போனது போனதுதான், சூடாகிக் கலைந்துவிடும். ஒளிக்கும் பொருளுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

சார் இரண்டு நாற்காலிகளுக்கு இடையே கயிற்றைத் தளர்வாகக் கட்டி, ஒரே நீள நூலில் ஒரே அளவு நட்டு இரண்டைத் தொங்கவிட்டார். ஒன்றை ஆட்டினார். அது மெல்ல அடங்க அடங்க, சும்மா இருந்த மற்றது ஆடத் தொடங்கியது. முதல் நட்டு அசையாமல் நின்றபோது இரண்டாவது முழு வீச்சில் ஆடியது. பிறகு ஆட்டம் அப்படியே முதலாவதற்குத் திரும்பியது.

"ஒண்ணு அணு, இன்னொண்ணு ஒளி. அக்கா, நீங்க வந்து ஒரு நூலை நீளமாக்குங்க" என்றார். ஆக்கினேன். ஆட்டம் முழுசாகக் கைமாறவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டது. அணுவின் அதிர்வெண்ணும் கேவிட்டியின் அதிர்வெண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. அடுத்து ஒரு நட்டில் அட்டையை ஒட்டினார். காற்றில் உரசி ஆட்டம் சீக்கிரமே தேய்ந்தது. கண்ணாடி வழியே ஒளி கசிந்தாலும் இதே கதிதான். கசிவதைவிட வேகமாகக் கைமாறினால்தான் ஆற்றல் போய்த் திரும்பும்.

அவரை நான் மெச்சுவது அதற்குப் பிறகு சொன்னதற்காக. நட்டை எவ்வளவு பெரிதாக ஆட்டினாலும் கைமாறும் வேகம் மாறாது, ஆனால் அணுவிடம் அப்படியில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். 1963-ல் ஜேன்ஸ், கம்மிங்ஸ் என்ற இரு இயற்பியலாளர்கள் போட்ட கணக்குப்படி, கேவிட்டியில் ஒரு ஃபோட்டான்கூட, அதாவது ஒளியின் ஒரு பொட்டலம்கூட இல்லாதபோதும், ஆற்றல் ஏறிக் கிளர்ந்த அணு தன் ஆற்றலைக் கொடுத்துத் திரும்ப வாங்கும். உள்ளே ஏற்கெனவே 3 ஃபோட்டான் இருந்தால் இரு மடங்கு வேகத்தில் வாங்கும். ஒளி எண்ணக்கூடிய பொட்டலங்களாக இருப்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் கேட்டதில்லை.

இது காகிதக் கணக்கோடு நின்றுவிடவில்லை. பாரிஸில் செர்ஜ் ஹரோஷின் குழு ருபிடியம் அணுக்களைக் கேவிட்டி வழியே அனுப்பி, ஆற்றல் ஏறத்தாழ 20 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை போய்த் திரும்புவதை 1996-ல் காட்டியது. அங்கே இருந்தது கண்ணுக்குத் தெரியும் ஒளி அல்ல, மைக்ரோ அலை. கண்ணாடிகள் கடுங்குளிரில் வைத்த நியோபியம் என்ற உலோகம். பின்னாளில் அவர்கள் செய்த கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு ஃபோட்டான் 0.13 விநாடி தங்கியது. அதற்குள் அது ஓடிய தூரம் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர், பூமியை ஒரு சுற்று! 2012-ல் ஹரோஷுக்கும் டேவிட் வைன்லாண்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

குறைகளும் உண்டு. 3 ஃபோட்டானுக்கு ஏன் இரு மடங்கு என்ற இடத்தில், உள்ளே இருக்கும் ஃபோட்டான் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்கவே நேரமில்லை. இன்னும் கால் மணி நேரம் ஒதுக்கலாம். கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலம். வாயால் இவ்வளவு அழகாகத் தமிழில் விளக்குகிறவர் அதையே எழுதியும் கொடுத்தால், தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் அம்மா அப்பாவுக்கும் படித்துக் காட்டுவார்கள்.

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். பரீட்சையின் புள்ளி மட்டும் போதும் என்பவர்கள் வார நாள் வகுப்போடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன், எப்படி என்று துளைக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் சனிக்கிழமையைத் தவறவிடாதீர்கள். அடுத்த பாடம் லேசர். கொஞ்சம் முன்னதாகவே போய் முன் வரிசையில் இடம் பிடியுங்கள், பின்னாலிருந்து நூல் தெரியாது.