புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருத்தலம்: திருநாளில் போவதா, கூட்டமில்லாத நாளில் போவதா?

பினாங்கில் செயிண்ட் ஆன் கோயில் எங்கே என்று கேட்டால் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வழி சொல்வார்கள். ஜாலான் கூலிம், மலையடிவாரம். 2002இல் எழுந்த புதிய ஆலயத்துக்கு மினாங்கபாவ் பாணிக் கூரை; பழைய ஆலயம் இன்னும் நிற்கிறது. 2019இல் வத்திக்கான் இதற்கு பசிலிக்கா பட்டம், அதாவது சிறப்பு ஆலயம் என்ற தகுதி, தந்தது. ஜூலை 26 திருநாளையொட்டிய நவநாட்களில் நாடு முழுவதிலிருந்தும் வந்து குவிகிறார்கள்.

திருநாள் கூட்டம் பெரும்பாலும் மெழுகுவர்த்தி ஏற்றும், தீர்த்தம் பிடிக்கும், சிலுவைப்பாதை செய்யும், பவனியில் நடக்கும். குழந்தைகளோடு முதன்முறை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல நாள் இல்லை. ஆயிரக்கணக்கான சுடர்களின் நடுவே பாட்டி கையைப் பிடித்து நடந்த பிள்ளை அதை மறக்காது.

மெழுகுவர்த்தியைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லியதாக ஒரு கட்டு வாங்கி நெருக்கமாக நடாதீர்கள். ஒன்றின் சூட்டில் அடுத்தது இளகி வளையும். சுடர்கள் ஒட்டிக்கொண்டு மெழுகு எரியாமலே ஒழுகிப்போகும். தடித்ததாக ஒன்று வாங்கி, பக்கத்துத் திரியிலிருந்து மூன்று விரல் தள்ளி வையுங்கள், போதும். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை மெழுகுவர்த்தி என்பது நாமாகப் போட்டுக்கொண்ட கணக்கு. நாம் வீடு திரும்பிய பிறகும் நம் மன்றாட்டு அங்கே நிற்கட்டும் என்பதற்குத்தான் அந்தச் சுடர்.

ஆனால் இந்தத் தலத்தின் உயிர் பாவசங்கீர்த்தனத்தில், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதில், இருக்கிறது. திருநாளில் அவசரமாக நடந்து முடிவதும் அதுதான். பழைய ஞானோபதேசம் ஐந்து காரியம் கேட்கும்: ஆத்தும சோதனை (செய்த பாவங்களை எண்ணிப் பார்ப்பது), மனஸ்தாபம் (அவற்றுக்காக வருந்துவது), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்ற உறுதி), பாவசங்கீர்த்தனம், அபராதம் தீர்த்தல் (பரிகாரம் செய்வது). வரிசையில் நின்று செய்ய முடிவது நான்காவதை மட்டும். முதல் மூன்றும் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும், ஐந்தாவது வீட்டுக்குத் திரும்பிய பிறகும் தொடரும். வரிசையில் நிற்கும்போதுதான் யோசிக்க ஆரம்பிக்கிறவர் ஃபாதர் முன்னால் போய், "கோபம் வரும் ஃபாதர், பொய் சொல்வேன் ஃபாதர்" என்கிறார். அது சுபாவத்தைச் சொல்வது. "அப்பா விட்டுப்போன பணத்தில் தம்பியின் பங்கை மறைத்தேன், மூன்று வருடமாகிறது" என்பதுதான் பாவசங்கீர்த்தனம். சாவான பாவங்களை, அதாவது கனமான பாவங்களை, வகையும் எண்ணிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 988. மாமியார் செய்ததும் கணவர் பேசியதும் அங்கே வேண்டாம். அவரவர் பாவத்தை அவரவர் சொல்லிக்கொள்வார்கள்.

அடுத்த பிழை ஐந்தாவது காரியத்தில். மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லி எழுந்தால் கணக்கு முடிந்தது என்று நினைப்பது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும், கெடுத்த பெயரைச் சீராக்குவதும் அபராதத்தைச் சேர்ந்தவைதான். கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) பாக்கி இருக்கிறதா, வீட்டு வேலைக்காரியின் சம்பளம் நிற்கிறதா, அதைக் கொடுக்க மனமில்லாதவர் பிரதிக்கினையே செய்யவில்லை.

தமிழ் தெரிந்த ஃபாதர் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். சட்டம் 990 மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. கேட்டதை வெளியே விடக் கூடாது என்ற கட்டுப்பாடு அவருக்கும் உண்டு.

பசிலிக்கா பட்டத்தோடு பரிபூரண பலனும் வந்தது; மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு மிஞ்சி நிற்கும் தண்டனை முழுவதும் நீங்குவதுதான் அது. பலருக்கு இது தெரிவதில்லை. அதற்குரிய நாட்கள் ஜூன் 29, தலத்தின் திருநாள், ஆகஸ்டு 2. இவை போக, ஒவ்வொருவரும் தாமே தேர்ந்துகொள்ளும் ஒரு நாள், வருடத்துக்கு ஒருமுறை. ஆலயத்துக்குள் பக்தியாய்ப் போய்ப் பரலோக மந்திரமும் விசுவாசப்பிரமாணமும் சொல்ல வேண்டும். நற்கருணை வாங்க வேண்டும், பாப்பரசரின் கருத்துக்காகச் செபிக்க வேண்டும். பாவசங்கீர்த்தனம் அன்றே செய்ய வேண்டும் என்றில்லை, முன்னேயோ பின்னேயோ சுமார் 20 நாட்களுக்குள் செய்தால் போதும். இவ்வளவையும் கால் வலிக்காமல் செய்துவிடலாம். கடைசி நிபந்தனைதான் கடினம்: அற்பப் பாவத்தின் மீதுகூடப் பற்று இருக்கக் கூடாது. இருந்தால் பரிபூரண பலன் பகுதிப் பலனாகச் சுருங்கிவிடும். மறுபடி விழுந்துவிடுவேனோ என்ற பயத்தைப் பற்று என்று எண்ணிக் கலங்க வேண்டாம். "இதை மட்டும் விடமாட்டேன்" என்று மனதின் மூலையில் ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பதுதான் பற்று. அது ஒரு வாட்ஸ்அப் வம்பாகக்கூட இருக்கலாம்.

ஆகவே எங்கள் சிபாரிசு: திருநாளுக்குப் போங்கள், பவனியில் நடங்கள். ஆனால் உங்களுக்கென்று தேர்ந்துகொள்ளும் அந்த ஒரு நாளைக் கூட்டமில்லாத வார நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபாதர் இருக்கும் நேரத்தையும் பூசை நேரத்தையும் முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தீவிலிருந்து வருகிறவர்கள் ஃபெரியில் பட்டர்வொர்த் இறங்கி, கொமுட்டர் ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் வந்து, கிராப் வாடகைக் கார் பிடிக்கலாம். ஆத்தும சோதனையை முந்தின இரவே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

யாரோடாவது பேச்சு அறுந்திருந்தால் அதைக் கோயிலுக்குள் கொண்டுபோய்த் தீர்க்கப் பார்க்காதீர்கள். காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்றுதான் ஆண்டவர் வரிசைப்படுத்தினார் (மத்தேயு 5:23-24). ஃபெரியில் ஏறுவதற்கு முன்பே அந்த ஃபோனைப் போட்டுவிடுங்கள். தம்பி எடுக்கவில்லையென்றால், திரும்பி வரும்போது மறுபடியும்.