நாக் கேட்கும் பெட்டியும் அந்தப் பாழாய்ப்போன குமிழும்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அந்த நாக் கேட்கிற பெட்டி விலை குறைஞ்சிருக்காமே, வாங்கலாமா?" நாக் (knock) என்றால் சிலிண்டருக்குள் கலவையின் ஒரு பகுதி ஒழுங்காக எரியாமல் தானாகவே வெடிப்பது. அவர் வண்டியும் என்னுடையதைப் போல மிட்சுபிஷி லான்சர் எவோ டென்தான். பெரிய இன்ஜெக்டர், எத்தனால் சென்சார் எல்லாம் போட்டாயிற்று. ஈ85 (85 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊற்றிய பிறகும் இசியூ, அதாவது எஞ்சின் கணினி, பதிவு செய்யும் லாக்கில் நாக் எண் ஏறுகிறதாம். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பெட்டியைப் பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும். எஞ்சின் பிளாக்கில் முடுக்குகிற ஒரு சென்சார், சத்தத்தை வடிகட்டிப் பெருக்கும் ஒரு பெட்டி, காதை மூடும் ஹெட்போன். சென்சார் உட்காரும் இடத்தில் பெயிண்ட், அழுக்கு எதுவும் இருக்கக் கூடாது. வாஷர் வைக்கக் கூடாது. இந்தத் தட்டை வகை போஷ் சென்சாரை 20 நியூட்டன் மீட்டரில் முடுக்க வேண்டும். இதில் கை வேகம் காட்டினால் பிறகு கேட்பது எதையும் நம்ப முடியாது.

சத்தத்தின் தரத்தைக் குறை சொல்லவே மாட்டேன். எங்கள் வண்டியின் 4பி11 எஞ்சினில் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 86 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு நாக் அதிர்வு சுமார் 6.7 கிலோஹெர்ட்ஸில் வரும், அதன் இரண்டாவது அதிர்வு 11-ஐ ஒட்டி வரும். இரண்டு இடத்திலும் வடிகட்டியை வைத்துக் கேட்கலாம். உண்மையான நாக், சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒழுங்கில்லாமல் பட்பட்டென்று கேட்கும். ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அப்புறம் காது ஏமாறாது.

ஆனால் சத்தத்தை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கிற அந்தக் கெயின் குமிழ்! அதில் ஒரு கோடு இல்லை, எண் இல்லை, திருப்பினால் 'டிக்' என்று நிற்கிற இடமும் இல்லை. வண்டி அதிர்கிற அதிர்ச்சியில் தானாகவே நகர்ந்துவிடுகிறது. காலையில் பதிவு செய்ததையும் மதியம் பதிவு செய்ததையும் ஒப்பிட வேண்டுமானால் கெயின் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். அது இல்லையென்றால் மதியம் சத்தம் கூடியது வெயிலாலா, குமிழாலா என்று யார் சொல்வது? வெள்ளை மார்க்கரால் கோடு போட்டேன், அழிந்தது. டேப் ஒட்டினேன், சூட்டில் கழன்றது. குமிழுக்கு அடியில் ஒரு நல்ல பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பினால் அளவை மாற்றும் பாகம்) வைக்க எவ்வளவு காசு ஆகிவிடும்? இவ்வளவு கவனமாக வடிகட்டியை வடிவமைத்தவர்கள் இதை எப்படி விட்டார்கள் என்று இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, நம் ஊர் நிலைமைக்கு வருகிறேன். சிங்கப்பூர் பெட்ரோல் நிலையங்களில் ஈ85 கிடையாது. மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாளுக்கு அந்தப் பக்கம் டிரம்மில் வாங்குகிறோம். ஆனால் சிங்கப்பூர் வண்டி சோதனைச் சாவடியைத் தாண்டி மலேசியாவுக்குப் போகும்போது டாங்க் முக்கால் நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். 55 லிட்டர் டாங்க்கில் அது 41 லிட்டருக்கு மேல், அத்தனையும் 98 ஆக்டேன் பெட்ரோல். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போய்ச் சேரும்போது ஏறக்குறைய 10 லிட்டர் மிச்சமிருக்கும். அதன் மேல் 40 லிட்டர் ஈ85 ஊற்றினால் கலவையில் எத்தனால் 68 சதவீதம்தான். மிச்சம் 15 லிட்டராக இருந்தால் 62. டிரம்மில் இருப்பது உண்மையிலேயே 85 சதவீதமாக இருந்தால்தான் இந்தக் கணக்கே சரி. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மூடி சரியில்லாத டிரம்மை நான் தொடுவதில்லை.

அதனால் நாக் என்று சந்தேகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது எத்தனால் சென்சாரின் எண்ணைத்தான். 50 ஹெர்ட்ஸ் என்றால் சுத்த பெட்ரோல், 150 என்றால் சுத்த எத்தனால். இடையில் வரும் எண்ணிலிருந்து 50-ஐக் கழித்தால் அதுவே சதவீதம். காற்று-எரிபொருள் கலவையையும் லாம்ப்டாவில் பாருங்கள், எந்த எரிபொருளானாலும் சரியான கலவை அதில் 1 தான். ஒரு பங்கு எரிபொருளுக்கு எத்தனை பங்கு காற்று என்று, பெட்ரோலுக்கு 14.7 என்றும் ஈ85-க்கு 9.8 என்றும் மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டால் தலைதான் சுற்றும்.

இனி இந்தப் பெட்டி எனக்குச் செய்த பெரிய உதவி. புது டவுன்பைப் (டர்போவிலிருந்து வரும் புகைக்குழாய்) மாட்டியதிலிருந்து மூன்றாம் கியரில் 4,500 சுற்றைத் தாண்டும்போது இசியூ நாக் என்று நினைத்து டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, பின்னிழுத்தது. காக்கி புக்கிட் பக்கத்துப் பட்டறை ஒன்றில் டைமிங்கை நிரந்தரமாகக் குறைத்துவிடலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. அதே பூஸ்டில் (டர்போ தரும் அழுத்தம்) டைமிங்கை 3 டிகிரி குறைத்துப் பார்த்தேன், எண் அசையவில்லை. 98-இல் வந்த அதே எண் 68 சதவீத எத்தனாலிலும் வந்தது. எத்தனாலின் ஆக்டேன் 108-ஐ ஒட்டியது, ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தை உறிஞ்சும். இவ்வளவுக்கும் அடங்காத நாக் இருக்குமா?

இங்கேதான் பலர் அவசரப்பட்டு "பொய் நாக்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பொறுங்கள். டைமிங்கைக் குறைத்தும் போகாத சத்தம் ப்ரீ-இக்னிஷனாகவும் இருக்கலாம். ஸ்பார்க் வருவதற்கு முன்பே ஏதோ ஒரு சூடான முனை கலவையைப் பற்றவைக்கிறது என்று பொருள். எத்தனால் நாக்கைத் தாங்கும், ஆனால் சூடான பரப்பில் பற்றிக்கொள்வதில் பெட்ரோலைவிட மோசம். பிஸ்டன் ஓட்டையாகச் சில நொடிகள் போதும். அதனால் பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். பீங்கானில் மிளகுத் தூள் போலக் கரும்புள்ளி, அலுமினியப் பொட்டு, உருகிய முனை என்று ஏதாவது இருந்தால் வண்டியை ஓட்டக் கூடாது. எத்தனாலுக்கு ஒரு படி குளிர்ந்த, அதாவது வெப்பத்தைச் சீக்கிரம் கடத்திவிடும், பிளக் போடுவது நல்லது. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் பெரிதானால் குளிர்ச்சி, போஷில் நேர்மாறு.

என் பிளக்குகள் சுத்தமாக இருந்தன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நண்பரை ஓட்டச் சொன்னேன். 6.7-இல் மந்தமான ஒரு 'டக் டக்', பூஸ்ட் ஏறினால் மட்டும். வடிகட்டியை 11-க்கு மாற்றினேன், சத்தம் ஏறக்குறைய காணாமல் போனது. நாக்காக இருந்தால் இரண்டு இடத்திலும் கேட்டிருக்கும். வண்டியைத் தூக்கிப் பார்த்தால், டவுன்பைப்பின் பிராக்கெட் கிராஸ்மெம்பரில் (வண்டியின் அடியில் குறுக்காக இருக்கும் சட்டம்) உரசி ஓரிடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. இழுவையில் எஞ்சின் சாயும்போதுதான் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன, அதனால்தான் நாக் போலவே நடித்திருக்கிறது. பிராக்கெட்டை அரத்தால் கொஞ்சம் தேய்த்தோம், எண் பூஜ்யம். டைமிங்கில் கை வைக்கவே தேவைப்படவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

நண்பரிடம் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இனிதான் இருக்கிறது. எத்தனாலில் சத்தம் இல்லாதது பாதுகாப்புக்கு அடையாளம் இல்லை. பெட்ரோலில் டைமிங்கை ஏற்றிக்கொண்டே போனால் பெரும்பாலும் முதலில் நாக் வந்து நிறுத்தும். ஈ85-இல் டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) உச்சத்தைத் தொட்ட பிறகும் பெரும்பாலும் நாக் வராது. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு டிகிரியும் சக்தியைக் கூட்டாமல் சிலிண்டர் அழுத்தத்தை மட்டும் கூட்டும், கடைசியில் கனெக்டிங் ராடு வளையும். ஹெட்போனில் அதுவரை அமைதியாகவே இருக்கும். டைனோவில் (டார்க்கையும் சக்தியையும் அளக்கும் கருவி) வைத்து டைமிங்கை ஏற்றி, 2 டிகிரிக்கு டார்க் ஏறவில்லையென்றால் பின்வாங்குவதுதான் வழி. அந்த இடத்தில் இந்தப் பெட்டியால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

ஆக, வாங்கலாமா? வேண்டாம். விலை குறைந்தாலும் வேண்டாம். அந்தக் குமிழை மாற்றாதவரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் காசுக்கு டைனோவில் அரை நாள் எடுங்கள். உங்கள் வண்டியில் ஏறும் எண்ணுக்கு முதலில் பிளக்கைப் பாருங்கள், அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து எது எதைத் தொடுகிறது என்று பாருங்கள். காதால் கேட்டே ஆக வேண்டுமென்றால் என் பெட்டியை எடுத்துப் போங்கள். செப்பாங் நாளுக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது இல்லாமல் நான் அங்கே வண்டியை இறக்க மாட்டேன்.