சுழலாத மாதிரி: சுழலியைச் சீராக்குவதா, சுழற்றாமலே அளப்பதா?

வேலூரில் எங்கள் ஆய்வகத்து 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கருவியில் மாதிரிக் குழாய் சுழலாமல் நிற்கும்போது, குழாயைத் தாங்கிக் காற்றால் சுழலும் பிடியான சுழலியைச் சீராக்கி மீண்டும் சுழற்றலாம். அல்லது சுழற்சியை நிறுத்திவிட்டு ஷிம் செய்து, அதாவது காந்தப் புலத்தைச் சீராக்கி, அளக்கலாம்.

முதல் வழியில், சுழலியில் படிந்த விரல் எண்ணெயையும் குழாயின் வெளிப்புற ஈரத்தையும் ஐசோபுரொப்பனாலில் நனைத்த, நார் உதிராத துணியால் துடைத்து, குழாய் வளைந்துள்ளதா, ஒட்டிய பெயர்ச்சீட்டு உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றழுத்தியின் தொட்டியில் நீர் தேங்குவதால், அதையும் வடித்துவிடுவது நல்லது. இவற்றைச் செய்யாமல் காற்றழுத்தத்தை மட்டும் கூட்டுவது தவறு. குழாய் ஆட்டம் காணும்.

சுழற்சி, குறுக்குத் திசைப் புல வேறுபாடுகளைச் சராசரியாக்கி நிறமாலைக் கோடுகளைக் கூர்மையாக்குகிறது. ஆனால் 20 ஹெர்ட்ஸ் வேகத்தில், குளோரோஃபார்மின் 7.26 பிபிஎம் கோட்டுக்கு இருபுறமும், 7.21இலும் 7.31இலும், பக்கக் கோடுகள் எழக்கூடும். மாணவர் அவற்றை மாசு என்று எழுதிவிடுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. வேகத்தை மாற்றினால் அவை இடம் மாறுவதைக் கண்டே அடையாளம் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் வழியில், குறுக்குத் திசைப் புலத்தைத் திருத்தும் எக்ஸ், ஒய், எக்ஸ்இசட், ஒய்இசட் ஷிம்களைப் பொறுமையாகத் திருத்த வேண்டும். இருபரிமாண அளவீடுகளுக்கு இதுவே உரியது. அன்றாட புரோட்டான் அளவீட்டுக்கும் நான் இதையே பரிந்துரைக்கிறேன். விரிசல் விட்ட குழாயை மட்டும் எவ்வழியிலும் கருவிக்குள் இறக்கக் கூடாது.